கடைசிக் கை யாருடையது?

விமான விபத்து ஒன்று நிகழ்ந்தவுடன் முதலில் இறந்தவர் தொகை கேட்கப்படுகிறது. அடுத்து, தவறு யாருடையது என்று கேட்கப்படுகிறது. முதற்கேள்விக்கு ஓரிரு நாளில் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு ஓராண்டும் ஆகலாம், ஐந்தாண்டும் ஆகலாம். மக்கள் மனம் அதுவரை காத்திருப்பதில்லை. அதற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. விமானியின் முகம் கிடைக்காவிட்டால், அந்த இயந்திரத்தை இறுதியாகத் தொட்ட தொழிலாளியின் முகம் போதும். அவரைச் சுட்டிக்காட்டியதும் ஓர் அமைதி பிறக்கிறது. அந்த அமைதி நியாயமானதா? அது அடுத்த விமானத்தில் ஏறுவோரைக் காப்பாற்றுமா? இவ்விரண்டையும் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலக்கியம் பேசும் இடத்தில் போல்ட்டும் திருகாணியும் எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 'பொறுப்பு' என்ற சொல்லே அதற்கு விடை தருகிறது. பொறுத்தல் என்றால் சுமத்தல். பொறை என்றால் பாரம். யார் தோளில் எவ்வளவு பாரம் ஏற வேண்டும் என்பது அறம் சார்ந்த வினா. அதை நீதிமன்றங்களுக்கும் பொறியாளர்களுக்கும் மட்டுமே விட்டுவிட இயலாது. மேலும், மனிதர் தவறு செய்யும் விதத்தை விமானத் துறையைப் போலப் பொறுமையாக எழுதிவைத்த துறைகள் குறைவு. நாவல் படித்துப் பழகியவர் அந்த விசாரணை அறிக்கைகளில் தமக்கு அறிமுகமான மனிதர்களையே சந்திப்பார்.

*

1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்கு 81 பயணிகளோடும் 6 பணியாளர்களோடும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று புறப்பட்டது. சுமார் 17,300 அடி உயரத்தில், தலைமை விமானியின் எதிரே இருந்த முன்கண்ணாடி சட்டத்திலிருந்து பெயர்ந்து பறந்தது. உள்ளிருந்த காற்று வெளியே பாய்ந்த வேகத்தில் அவரும் பாதி உடல் வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவருடைய கால்களை விடாமல் பற்றிக்கொண்டார்கள். துணை விமானி விமானத்தைச் சவுத்தாம்ப்டனில் இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை. இறந்துவிட்டதாகவே எல்லோரும் எண்ணிய அந்த விமானியும் உயிர் பிழைத்து, சில மாதங்களில் பணிக்குத் திரும்பினார்.

அந்தக் கண்ணாடி புறப்பாட்டுக்கு முந்தைய நாள் விடியற்காலையில்தான் புதிதாகப் பொருத்தப்பட்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் 90. அவற்றில் 84 போல்ட்டுகளின் விட்டம் தேவையானதைவிட 0.026 அங்குலம் குறைவு. அதாவது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. மீதி ஆறு போல்ட்டுகளின் விட்டம் சரி, நீளம் குறைவு. போல்ட்டுகளைத் தேர்ந்தெடுத்ததும் பொருத்தியதும் ஒரே மனிதர்: அன்றைய இரவுப் பணியின் பராமரிப்பு மேலாளர்.

இவ்வளவோடு கதையை நிறுத்தினால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பிரிட்டனின் விபத்து விசாரணைப் பிரிவு நிறுத்தவில்லை. அன்றிரவு ஆள் பற்றாக்குறை. ஆகவே மேற்பார்வை செய்ய வேண்டிய மேலாளரே வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார். பழைய கண்ணாடியிலிருந்து கழற்றிய போல்ட்டுகளைப் பார்த்து அதே போன்றவற்றைத் தேடினார். அந்தப் பழைய போல்ட்டுகளே சரியானவை அல்ல. அவையும் நீளம் குறைந்தவை. எனினும் அவை அதுவரை தாங்கியிருந்தன. கிடங்குக்காரர் சரியான அளவு எது என்று சொல்லியும், கழற்றியது எதுவோ அதையே மாட்டுவோம் என்று மேலாளர் முடிவு செய்தார். அந்த அளவு அங்கே போதிய எண்ணிக்கையில் இல்லை. ஆளில்லாத இன்னொரு கிடங்குக்குச் சென்று, மங்கலான வெளிச்சத்தில், கண்ணாலேயே ஒப்பிட்டு எடுத்துவந்தார். உதிரிப்பாகப் பட்டியலைப் புரட்டிப் பார்க்கவில்லை. படிப்பதற்கு அவருக்கு மூக்குக்கண்ணாடி தேவை, அப்போது அணிந்திருக்கவில்லை. வேலை செய்ய நின்ற மேடை சரியான இடத்தில் இல்லாததால் எட்டிக் கைநீட்டியே போல்ட்டுகளை முடுக்க வேண்டியிருந்தது. அந்த நிலையில், போல்ட்டின் தலை குழிக்குள் அளவுக்கு மீறி இறங்குவது கண்ணில் படவில்லை.

மற்றொன்றையும் அறிக்கை சொல்கிறது. முன்கண்ணாடி பொருத்தும் வேலை, இரண்டாவது ஒருவர் கட்டாயம் சோதிக்க வேண்டிய வேலைகளின் வகையில் சேர்க்கப்பட்டிருக்கவில்லை. காற்றழுத்தச் சோதனையும் தேவையில்லை என்றிருந்தது. ஒரு மனிதர் அதிகாலை நேரத்தில் தனியாகச் செய்த வேலைக்கும் 87 உயிர்களுக்கும் நடுவே வேறு எந்தக் கண்ணும் இல்லை. அவர் சோம்பேறியோ குடிகாரரோ அல்லர். உடன் பணிபுரிந்தோர் மதித்த, கடமையுணர்ச்சி மிக்க பணியாளர். விமானம் நேரத்துக்குப் புறப்பட வேண்டும் என்ற அக்கறையே அவரைக் குறுக்கு வழிகளில் செலுத்தியது. இந்த முரணைக் கவனிக்காமல் இந்தப் பொருளைப் பேசவே முடியாது. பெரும்பாலான பராமரிப்புப் பிழைகள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று துடிக்கும் நல்ல தொழிலாளியிடமிருந்தே பிறக்கின்றன.

*

அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடியது. 1991 செப்டம்பர் 11 அன்று கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் சிறிய விமானம் ஒன்று டெக்சாஸ் மாநிலத்தின் ஈகிள் லேக் அருகே வானிலேயே சிதைந்து விழுந்தது. பதினான்கு பேர் மாண்டனர். வால் பகுதியின் குறுக்கு இறக்கை மேல் இடப்பக்க முனைத்தகட்டைப் பிடிக்க வேண்டிய 47 திருகாணிகள் அங்கே இல்லை.

முந்தைய இரவு, பனி உருக்கும் உறையை மாற்றுவதற்காக அந்தத் திருகாணிகள் கழற்றப்பட்டன. ஒரு ஷிப்டு கழற்றியது. அடுத்த ஷிப்டு வந்தது. வலப்பக்கத்து வேலை முடிந்தது. இடப்பக்கத்திலும் மேல்வரிசைத் திருகாணிகள் கழற்றப்பட்டிருக்கின்றன என்ற செய்தி, வேலையைத் தொடர்ந்தவர்களிடம் போய்ச் சேரவில்லை. கழற்ற உதவியவர் ஒரு தரச் சோதனையாளர். பிறர் வேலையைச் சோதிக்க வேண்டியவர், நல்ல எண்ணத்தோடு தாமே வேலையில் இறங்கினார். கைமாற்றும் குறிப்பில் முழு விவரம் ஏறவில்லை. காலையில் விமானம் பறந்தது. வால் இறக்கையின் மேற்பரப்பு, தரையில் சுற்றி வந்து பார்க்கும் விமானியின் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. புறப்பாட்டுக்கு முந்தைய சோதனையை அவர் எவ்வளவு கவனமாகச் செய்திருந்தாலும் அதைக் கண்டிருக்க முடியாது.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1992-இல் அறிக்கை வெளியிட்டது. பராமரிப்பு ஊழியரும் சோதனையாளரும் விதிகளைக் கடைப்பிடிக்காததே காரணம் என்றும், நிர்வாகமும் அரசின் மேற்பார்வை அமைப்பும் அதைக் கண்டுகொள்ளாதது துணைக் காரணம் என்றும் பெரும்பான்மையோர் எழுதினர். உறுப்பினர்களில் ஒருவரான ஜான் லாபர் இதற்கு உடன்படவில்லை. விதிகளை மதிக்கும் பணிப் பண்பாட்டை நிர்வாகம் உருவாக்கத் தவறியதை முதன்மைக் காரணங்களுள்ளேயே வைக்க வேண்டும் என்று தனிக்கருத்து எழுதினார். ஓரிரவில் பலர் ஒரே மாதிரி விதியை மீறுகிறார்கள் என்றால், அந்த மீறல் அங்கே வழக்கமாகிவிட்டது என்றே பொருள். வழக்கத்துக்குத் தனிமனிதரை மட்டும் பொறுப்பாக்குவது எப்படி? அன்று அவர் சிறுபான்மை.

*

இரண்டாவது கண் என்றால் என்ன என்பதையும் சற்று எண்ண வேண்டும். ஒருவர் செய்ததை இன்னொருவர் சோதிப்பார் என்ற ஏற்பாடு தாளில் மிகப் பாதுகாப்பாகத் தோன்றும். நடைமுறையில் அது இரண்டு பேரையும் தளர்த்திவிடக் கூடும். சோதிக்க ஆள் இருக்கிறார் என்று முதலாமவர் எண்ணுவார். திறமையானவர் செய்த வேலைதானே என்று இரண்டாமவர் எண்ணுவார். விடைத்தாள் திருத்தும் தொழிலில் இருக்கும் நமக்கு இது தெரிந்ததே. இரட்டை மதிப்பீட்டில் முதல் மதிப்பீட்டாளர் இட்ட மதிப்பெண்ணை இரண்டாமவர் கண்ணில் படாமல் மறைப்பது ஏன்? அதைப் பார்த்துவிட்டால் அவர் பேனா அந்த எண்ணைச் சுற்றியே வட்டமிடும். முதல் கண் கண்டதை அறியாத கண்தான் உண்மையில் இரண்டாவது கண். அறிந்தது முதல் கண்ணின் நிழல்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸ் நோக்கிப் புறப்பட்ட ஹீலியோஸ் நிறுவன விமானம் இதற்குத் துயரமான சான்று. முந்தைய பயணத்தில் பின்கதவு ஒன்றைப் பற்றிப் பணியாளர்கள் புகார் எழுதியிருந்தார்கள். தரைப் பொறியாளர் காற்றழுத்தக் கசிவுச் சோதனை செய்தார். அதற்காக அழுத்தக் கட்டுப்பாட்டுத் திருகியைத் தானியங்கி நிலையிலிருந்து கைமுறை நிலைக்கு மாற்றினார். சோதனை முடிந்தபின் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. புறப்படுமுன் செய்யும் ஆயத்தத்தில் விமானிகள் அதைப் பார்த்திருக்க வேண்டும். இயந்திரங்களை இயக்கியபின் சோதனைப் பட்டியலைப் படிக்கையில் பார்த்திருக்க வேண்டும். மேலெழுந்தபின் மீண்டும் பார்த்திருக்க வேண்டும். மூன்று முறையும் தப்பியது.

ஏறத்தாழ 12,000 அடி உயரத்தில் எச்சரிக்கை ஒலி எழுந்தது. புறப்பாட்டின்போது விமானத்தின் அமைப்பில் குறை இருந்தால் எழும் ஒலியும் அதே ஒலிதான். விமானிகள் அதை அப்படியே தவறாகப் புரிந்துகொண்டார்கள். பிராணவாயு குறைந்து நினைவிழந்தார்கள். விமானம் தானாகவே பறந்து, எரிபொருள் தீர்ந்து, கிரேக்கத்தின் கிராமாடிகோ அருகே மலையில் மோதியது. 121 பேரும் மாண்டனர்.

இங்கே கடைசிக் கை எது? திருகியை மாற்றிய பொறியாளருடையதா? பார்த்தும் பார்க்காத விமானிகளுடையதா? இரண்டு வேறு ஆபத்துகளுக்கு ஒரே ஒலியை வைத்த வடிவமைப்பாளருடையதா? பழகிய கண் ஒரு கருவிப் பலகையைப் பார்க்கும்போது இருப்பதைப் பார்ப்பதில்லை. இருக்க வேண்டியதைப் பார்க்கிறது. அச்சுப் பிழை திருத்துவோர் அனைவரும் அறிந்த உண்மை இது. ஆயிரம் முறை தானியங்கி நிலையில் இருந்த திருகி, ஆயிரத்தோராவது முறையும் அப்படியே இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றும். 'கவனமாக இரு' என்ற அறிவுரையால் இதைத் தீர்க்க முடியாது. பின்னாளில் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்த வகை விமானங்களில் இவ்விரு ஆபத்துகளையும் பிரித்துக் காட்டும் தனித்தனி விளக்குகளைக் கட்டாயமாக்கியது. ஒரு விளக்கு செய்யும் வேலையை ஆயிரம் அறிவுரைகள் செய்வதில்லை.

*

இனித் தண்டனைக்கு வருவோம். 1996 அக்டோபர் 2 அன்று பெரு நாட்டின் லிமாவிலிருந்து சாண்டியாகோவுக்குப் புறப்பட்ட ஏரோபெரு விமானம் நள்ளிரவுக்குப் பின் பசிபிக் கடலில் விழுந்தது. இறந்தவர் 70. உடற்பகுதியைக் கழுவி மெருகூட்டும்போது, வெளிக்காற்றின் அழுத்தத்தை உணரும் சிறு துளைகளைத் தொழிலாளி ஒட்டுநாடாவால் மூடினார். வேலை முடிந்தபின் அதை அகற்ற மறந்தார். உயரமானியும் வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கின. வேகம் மிகுந்துவிட்டது என்றும், வேகம் போதாமல் விழப்போகிறாய் என்றும் ஒரே நேரத்தில் எச்சரிக்கைகள் ஒலித்தன. விமானிகள் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்திடம் உயரம் கேட்டார்கள். நிலையத்தின் திரையில் தெரிந்த உயரமும் அதே விமானத்தின் கருவி அனுப்பிய பொய்தான். 9,000 அடிக்கு மேல் இருப்பதாக எண்ணியிருந்த நேரத்தில் இறக்கை கடல்நீரைத் தொட்டது.

ஒட்டுநாடா விமான உடலின் நிறத்தையே ஒத்திருந்தது. வேலையைப் பார்வையிட வேண்டிய மேலதிகாரிகள் அதைக் காணவில்லை. புறப்படுமுன் இருட்டில் சுற்றி வந்த தலைமை விமானியும் காணவில்லை. முடிவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகத் தண்டனை பெற்றவர் அந்தத் தொழிலாளி. அவர் தவறு செய்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பளிச்சென்ற நிறமும் தொங்கும் நாடாவும் கொண்ட மூடியைப் பயன்படுத்துவது அவர் கையில் மட்டும் இருந்ததா? அந்த வேலைக்கு எந்தப் பொருளைக் கொடுப்பது, எத்தனை பேர் சோதிப்பது, எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பவற்றை முடிவு செய்யும் அதிகாரம் அவரிடம் இருந்ததில்லை. அதிகாரம் மேலே, பாரம் கீழே என்பதே பெரும்பாலான பராமரிப்புக் கூடங்களின் அமைப்பு.

நீதிமன்றங்களும் இதில் தடுமாறியிருக்கின்றன. 2000-இல் பாரிஸ் அருகே விழுந்த கான்கார்டு விமானத்தின் விபத்தில், ஓடுபாதையில் வேறொரு விமானத்திலிருந்து உதிர்ந்து கிடந்த உலோகப் பட்டைக்காக ஒரு மெக்கானிக்கை பிரெஞ்சு நீதிமன்றம் 2010-இல் குற்றவாளி என்றது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. செயல் ஒன்றுதான், ஒரு மன்றத்தில் குற்றம், மறுமன்றத்தில் குற்றமன்று.

*

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் சிலப்பதிகாரம் நினைவுக்கு வராமல் போகாது. கோவலன் கொலையில் எத்தனை கைகள்? பொய் சொன்ன பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்ட பாண்டியன். இவன் கள்வன் போல் தோன்றவில்லையே என்று தயங்கிய காவலர். அந்தத் தயக்கத்தைப் பொருட்படுத்தாமல் வாளை வீசிய ஒருவன். கடைசிக் கை அவனுடையது. ஆனால் இளங்கோவடிகள் அவனுக்குப் பெயர்கூடத் தரவில்லை. கண்ணகியும் அவனைத் தேடிப் போகவில்லை. நேரே அரசவைக்குச் சென்றாள்.

அங்கே நடந்ததைச் சோதனை என்ற நோக்கில் படித்துப் பார்க்கலாம். சிலம்பின் பரல் முத்தா மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதும். அந்தச் சோதனை கொலைக்கு முன் நடந்திருக்கலாம், பின்னரே நடந்தது. மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் பொற்கொல்லனையோ காவலனையோ கைகாட்டவில்லை. குற்றம் தன்னுடையது என்று ஏற்று அரியணையிலேயே உயிர்விட்டான். சோதித்தறியும் அதிகாரம் தன்னிடமே இருந்தது என்பதை அவன் உணர்ந்திருந்தான். அதிகாரத்தின் அளவே பொறுப்பின் அளவு என்பதை அந்த ஒரு செயல் சொல்லிவிடுகிறது.

காப்பியம் அதோடு நிற்கவில்லை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அவனுக்குப் பின் வந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்ற செய்தியும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மன்னன் பாரத்தைத் தன் தோளில் ஏற்றான். அடுத்தவன் அதை ஒரு தொழிலின் மேல் இறக்கினான். ஆயிரம் பேரைக் கொன்றபின் மதுரையில் வழக்கு விசாரிக்கும் முறை மாறியதா என்று காப்பியம் சொல்லவில்லை. விபத்துக்குப் பின் தொழிலாளரைத் தண்டித்துவிட்டுக் கூடத்தை அப்படியே விட்டுவைக்கும் ஒவ்வொரு நிர்வாகமும் செழியனின் வழியில் நடக்கிறது.

*

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. அது வலுவான மறுப்பு. எல்லாவற்றையும் அமைப்பின் மேல் போட்டால் தனிமனிதர் யாருக்குமே பொறுப்பில்லை என்றாகிவிடாதா? 'முறை சரியில்லை' என்பது எல்லோரும் கைகழுவும் தண்ணீராகிவிடாதா? இறந்தவரின் தாயிடம் சென்று, உங்கள் மகனைக் கொன்றது ஒரு நிர்வாகப் பண்பாடு என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்?

இந்த மறுப்பை நாம் மதிக்கிறோம். ஆகவே பிழைகளை ஒரே குவியலாக்காமல் பிரிக்க வேண்டும் என்கிறோம். முதலாவது, நழுவல்: செய்ய எண்ணியது மறந்துபோவது, கண் ஏமாறுவது. அதே பயிற்சியுள்ள இன்னொருவரை அதே இரவில் அதே இடத்தில் நிறுத்தினால் அவரும் நழுவியிருப்பாரா என்று கேட்க வேண்டும். ஆம் என்றால், தண்டனையால் பயனில்லை. இரண்டாவது, குறுக்கு வழி: விதி தெரிந்தும், எல்லோரும் செய்வதுதானே என்று மீறுவது. இங்கே செய்தவருக்கும் பங்கு உண்டு. அதைக் கண்டும் காணாமல், நேரத்துக்கு விமானம் கிளம்பியது என்று பாராட்டிய மேலாளருக்கு அதைவிடப் பெரிய பங்கு உண்டு. மூன்றாவது, பொய்: செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவது, பார்க்காததைப் பார்த்ததாகக் கையொப்பமிடுவது, தவறு தெரிந்தபின் மறைப்பது. இதற்கு மன்னிப்பு இல்லை. அமைப்பைக் காட்டித் தப்பவும் இடமில்லை.

கையொப்பம் என்பது என்ன? 'இதை நான் பார்த்தேன்' என்று, தான் என்றுமே சந்திக்காத பயணிக்கு ஒருவர் கொடுக்கும் வாக்கு. கருவியை, நேரத்தை, ஆட்களை நிர்வாகம் தர வேண்டும். ஆனால் பார்த்ததற்கு மட்டுமே கையொப்பமிடும் கடமையை யாரும் யாருக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. பெருநிறுவனத்தின் கடைநிலைத் தொழிலாளிக்கும் இருக்கும் ஒரே அதிகாரம் அது. கையொப்பமிட மறுக்கும் அதிகாரமும் அதற்குள் அடக்கம். அப்படி மறுப்பவரின் வேலைக்கு ஆபத்து வராமல் காப்பது நிர்வாகத்தின் கடமை. இந்த இரண்டு கடமைகளும் சேர்ந்ததே பாதுகாப்பு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட இயலாது.

பொய்யைக் கடுமையாகத் தண்டிக்க வேண்டுமானால், உண்மை சொல்வதற்கு வழி திறந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 1976-இல் தொடங்கப்பட்ட ஏற்பாடு ஒன்று இதைப் புரிந்துகொண்டது. விமானிகளும் பராமரிப்பாளர்களும் தம் தவறுகளைத் தாமே எழுதி அனுப்பலாம். அவற்றைப் பெறுவது தண்டிக்கும் அதிகாரமுள்ள விமானப் போக்குவரத்து நிர்வாகம் அன்று. விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசா. எழுதியவர் பெயர் நீக்கப்படும். வேண்டுமென்றே செய்த மீறலுக்கும், குற்றச்செயலுக்கும், விபத்துக்கும் அங்கே பாதுகாப்பு இல்லை. மற்றவற்றில், வாய் திறந்தவருக்கு ஓரளவு காப்பு உண்டு. பர்மிங்காம் மேலாளர் கிடங்கில் எப்படித் தேடினார், எதை நம்பினார் என்பதெல்லாம் நமக்குத் தெரிவது, அவர் பேசியதாலும் கேட்டவர்கள் பொறுமையாகக் கேட்டதாலும்தான். சிறைக்கு அஞ்சி அவர் வாய் மூடியிருந்தால், கிடைத்திருப்பது 84 சிறிய போல்ட்டுகளும் ஒரு குற்றவாளியும் மட்டுமே.

*

இவையெல்லாம் பழங்கதை அல்ல. 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்திலிருந்து கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், ஏறத்தாழ 14,800 அடி உயரத்தில், கதவுக்குரிய இடத்தை அடைத்திருந்த பலகை பிய்ந்து பறந்தது. அதற்கு நேர் அருகிலிருந்த இருக்கையில் அன்று யாரும் இல்லை. உயிர்ச்சேதமும் இல்லை. விமானம் புத்தம் புதியது. பிழை பராமரிப்புக் கூடத்தில் நேரவில்லை, போயிங் தொழிற்சாலையிலேயே நேர்ந்தது. ஆனால் பிழையின் சாயல் 1991-ஐ அப்படியே ஒத்திருந்தது. வேறொரு பழுதைச் சரிசெய்வதற்காகப் பலகை கழற்றப்பட்டது. அதைத் தாங்க வேண்டிய நான்கு போல்ட்டுகள் மீண்டும் மாட்டப்படவில்லை. கழற்றியதற்கு எந்தப் பதிவும் இல்லை. பதிவு இல்லாததால் சோதனையும் இல்லை. அங்கே கடைசிக் கையைச் சுட்டவே எழுத்தில் ஒன்றும் இருக்கவில்லை.

2025 ஜூனில் அதே பாதுகாப்பு வாரியம் தன் முடிவை அறிவித்தது. தொழிலாளருக்குப் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் தர போயிங் தவறியதே காரணம் என்றது. 33 ஆண்டுகளுக்கு முன் ஜான் லாபர் தனித்து நின்று எழுதிய கருத்தின் சாரம், இப்போது வாரியத்தின் கருத்தாக வந்து நின்றது. ஒரு நியாயம் சிறுபான்மையிலிருந்து பெரும்பான்மைக்கு நகர ஒரு தலைமுறை ஆகியிருக்கிறது. அறிக்கையில் நகர்ந்தது பணிக்கூடத்திலும் நகர்ந்ததா என்பது வேறு வினா. ஏனெனில் இரவுப் பணியில் ஆள் குறைப்பதும், புறப்பாட்டு நேரத்தை நெருக்குவதும் கணக்குப் புத்தகத்தில் இன்றும் இலாபமாகவே எழுதப்படுகின்றன. அவற்றின் செலவு எழுதப்படும் புத்தகம் வேறு.

ஆகவே அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். விபத்துச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது 'யார் செய்தார்' என்ற கேள்வியை விட்டுவிட வேண்டாம். அதோடு நிறுத்திக்கொள்ளவும் வேண்டாம். அன்று அங்கே எத்தனை பேர் இருந்திருக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தார்கள்? சோதிக்க வேண்டிய இரண்டாவது கண் எங்கே இருந்தது? முன்பே ஐயம் எழுப்பியவர் உண்டா, அவருக்கு என்ன பதில் கிடைத்தது? அந்த நிலைமையை மாற்றும் அதிகாரம் யாரிடம் இருந்தது? இந்தக் கேள்விகளைக் கேட்கும் வாசகர்கள் பெருகினால், ஒரு தொழிலாளியின் படத்தை முதற்பக்கத்தில் போட்டுவிட்டு விவகாரத்தை முடித்துக்கொள்வது செய்தித்தாளுக்கும் நிர்வாகத்துக்கும் இன்றுள்ள அளவுக்கு எளிதாக இராது.